முதுகலை, பிஎச்.டி. மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு மையம் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையத்தில், முதுகலை மாணவர்களையும் பிஎச்.டி. ஆய்வாளர்களையும் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பில் இருக்கிறேன். புது பேட்ச் சேர்ந்ததும் துறை துறையாகப் போய்ப் பேசுவோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும், துறைப் பொறுப்பாசிரியர்கள் கேட்கும் சில கேள்விகளும் கீழே இருக்கின்றன. எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஏ., எம்.எஸ்சி. படிப்பவர்களுக்கு கேம்பஸ் இன்டர்வியூ நடக்குமா?

நடக்கும். ஆனால் அண்ணன், அக்காவின் இன்ஜினியரிங் கல்லூரியில் நீங்கள் பார்த்த மாதிரி நடக்காது. அங்கே பெரிய கம்பெனிகள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைத் தேர்வெழுத வைத்து ஆள் எடுக்கிறார்கள். முதுகலைத் துறையில் ஒரு வகுப்புக்கு இருபது, முப்பது பேர்தான் இருப்பார்கள். எச்.ஆர். போன் செய்தால் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை பேர் உட்காருவார்கள்?" என்பதுதான். பதினெட்டு என்று சொன்னால் அடுத்த போன் வராது.

அதனால் துறைகளைச் சேர்த்து அழைக்கிறோம். வேதியியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் நான்கும் சேர்ந்தால் ஒரு மருந்துக் கம்பெனி ஒரு நாள் ஒதுக்கி வரும் அளவுக்கு ஆள் தேறும். கணிதம், புள்ளியியல், பொருளியல், கணினி அறிவியல் சேர்ந்தால் டேட்டா வேலை தரும் கம்பெனிகள் வரும்.

இருந்தும் பலருக்கு கேம்பஸில் கிடைப்பதில்லையே. பிறகு மையம் எதற்கு?

நியாயமான கேள்வி. முதுகலை மாணவர்களுக்கு கேம்பஸ் என்பது பல வாசல்களில் ஒன்றுதான். தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு ஒரு வாசல், பொருளியல் படித்தவருக்கு வேறு வாசல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் திறந்து மூடுகிறது. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டுக்கு விண்ணப்பம் ஒரு நேரம், யூ.பி.எஸ்.சி. விண்ணப்பம் ஒரு நேரம், ஆய்வு நிறுவனத்தில் புராஜெக்ட் ஆளுக்கான வாக்-இன் நேர்காணல் இன்னொரு நேரம். ஒரு துறைக்கு வந்த அறிவிப்பு பக்கத்துத் துறைக்குப் போவதில்லை. கடைசித் தேதி முடிந்த மறுநாள் "சார், இப்படி ஒன்று வந்ததா?" என்று கேட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

எனவே எங்கள் முதல் வேலை, எல்லாத் துறைகளுக்குமான தேதிகளையும் ஒரே காலண்டரில் கொண்டுவந்து, அது உரிய ஆளிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. கம்பெனியை அழைத்து வருவது அதற்கு அடுத்ததுதான்.

எந்த செமஸ்டரில் வந்து பார்க்க வேண்டும்?

முதல் செமஸ்டரில். இரண்டு வருடப் படிப்பில் மூன்றாவது செமஸ்டரில் டிரைவ், அதாவது கம்பெனிகள் ஆள் எடுக்க வருவது, தொடங்கிவிடும், நான்காவதில் புராஜெக்ட் உங்களை விழுங்கிவிடும். இடையில் இருப்பது ஒரே ஒரு கோடை விடுமுறை. அந்த விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போக வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியிலேயே கடிதம் அனுப்பத் தொடங்க வேண்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் மாதிரியான இடங்களில் ஏப்ரல் கடைசியில் போய் நின்றால் இடம் இருக்காது.

என் துறைக்கு என்னதான் வழி இருக்கிறது?

எல்லாத் துறைகளையும் இங்கே சொல்ல முடியாது. அடிக்கடி கேட்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

பொருளியல் மாணவர்களில் பலருக்கு இந்தியப் பொருளாதாரப் பணி என்று ஒரு தேர்வு இருப்பதே தெரிவதில்லை. ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்தும் அதே யூ.பி.எஸ்.சி. நடத்துவது, பொருளியலில் முதுகலை முடித்தவர்களுக்கு மட்டுமே ஆனது. போட்டியாளர்களின் எண்ணிக்கை சிவில் சர்வீஸோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரி பணியிலும் பொருளியல் முதுகலைக்காரர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. புள்ளியியல் படித்தவர்களுக்கு அதேபோல இந்தியப் புள்ளியியல் பணி. கணக்கில் கை ஓடுகிறவர்கள் ஆக்சுவரி (காப்பீட்டில் இடர்களைக் கணக்கிடுபவர்) தேர்வுகளைப் பற்றியும் வந்து கேளுங்கள். காப்பீட்டுத் துறையில் நல்ல மதிப்புள்ள வேலை அது. ஆனால் தாள் தாளாக எழுதி முடிக்க வருடக்கணக்கில் ஆகும், அந்தப் பொறுமை வேண்டும்.

வேதியியல்காரர்களுக்கு ஆலைகளில் வேலை இருக்கிறது: மருந்து, பெயின்ட், உரம், தோல் பதனிடுதல். கடலூர், ராணிப்பேட்டை, ஓசூர், தாண்டினால் ஐதராபாத். பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில்தான் ஆரம்பிப்பீர்கள், ஷிப்ட் உண்டு. ஆர் அண்ட் டி-யில்தான் (ஆராய்ச்சிப் பிரிவு) சேருவேன் என்று முதல் வேலையையே தள்ளிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். தரக்கட்டுப்பாட்டில் இரண்டு வருடம் கருவிகளோடு பழகியவரை ஆர் அண்ட் டி பிரிவு விரும்பி எடுக்கும்.

தமிழ் படித்தவர்களிடம் "வாத்தியார் வேலைதானே" என்று ஊரே சொல்லி வைத்திருக்கிறது. ஆசிரியர் வேலை நல்ல வேலைதான், அதற்கான கேள்வி கீழே வருகிறது. அதைத் தவிர, பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று சுவடி, நூல், மின்பதிப்பு சார்ந்த இடங்கள் இருக்கின்றன. நிரந்தரப் பணி குறைவு, திட்டப் பணிதான் அவ்வப்போது வரும். கம்ப்யூட்டரில் யூனிகோடில் வேகமாகத் தட்டச்சு செய்யவும், பிழை திருத்தவும் தெரிந்தால் பதிப்பகம், செய்தி நிறுவனம், மொழிபெயர்ப்பு, படங்களுக்கு வசன வரி எழுதுவது, மென்பொருள் கம்பெனிகளின் தமிழ்ப் பணி எல்லாம் திறக்கும். வரலாறு படித்தவர்கள் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருட முதுநிலைப் பட்டயப் படிப்பைக் கவனியுங்கள். கல்வெட்டு வாசிக்கப் பயிற்சி, அகழாய்வில் நேரடி வேலை, மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு.

ரெஸ்யூமே எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பக்கம். பிஎச்.டி. என்றால் இரண்டு. அப்பா பெயர், மதம், ராசி, "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" எதுவும் வேண்டாம்.

நான் அதிகம் அடித்துத் திருத்துவது திறமைகள் பகுதியைத்தான். ஒரு எம்.எஸ்சி. மாணவி "எச்.பி.எல்.சி. தெரியும்" என்று எழுதிக்கொண்டு வந்தார். கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி அது. எந்த மாடல் கருவி, எந்த காலம் (column, கலவையைப் பிரிக்கும் குழாய்), மொபைல் ஃபேஸ் (அதில் ஓடும் கரைப்பான்) என்ன என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்! புராஜெக்டுக்காக, காய்ச்சல் மாத்திரையில் பாராசிட்டமால் எவ்வளவு இருக்கிறது என்று சி18 வகைக் குழாயில், மெத்தனாலும் நீரும் கலந்த மொபைல் ஃபேஸில் அவரே ஓட்டிப் பார்த்திருக்கிறார். வரைபடத்தின் அடிக்கோடு (பேஸ்லைன்) அலைபாய்ந்தபோது கரைப்பானில் இருந்த காற்றை நீக்கிச் சரிசெய்ததும் அவரே. அதில் ஒரு வார்த்தைகூட ரெஸ்யூமேயில் இல்லை. "தெரியும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, எதை, எதைக் கொண்டு, எதற்காகச் செய்தேன் என்று இரண்டு வரி எழுதச் சொன்னேன். இன்டர்வியூ எடுப்பவர் கேள்வி கேட்கப்போவது அந்த இரண்டு வரியிலிருந்துதான். அங்கே நீங்கள் தடுமாற வாய்ப்பே இல்லை, நீங்கள் கையால் செய்த வேலை அது.

கலைப்பிரிவு மாணவர்களுக்கும் இதே விதிதான். "களப்பணி அனுபவம்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. எந்த ஊரில், எத்தனை வீடுகளில், என்ன கேட்டுப் பதிவுசெய்தீர்கள், அதை எப்படி அட்டவணையாக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

கல்லூரி ஆசிரியராக நெட் வேண்டுமா, பிஎச்.டி. வேண்டுமா?

உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதி போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2023 ஜூலையில் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் பல்கலைக்கழகத் துறைகளில் சேர பிஎச்.டி. கட்டாயம் என்று 2018 விதிகளில் இருந்தது. அந்தப் பழைய செய்தியை வைத்துக்கொண்டு இன்றும் பலர் குழம்புகிறார்கள். சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், நேர்காணலில் பிஎச்.டி.யும் கட்டுரைகளும் உள்ளவர் முன்னால் நிற்பார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதுகலை இறுதியாண்டில் இருக்கும்போதே நெட் எழுதலாம். வழக்கமாக ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை வரும். நெட்டில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்கான ஆய்வு உதவித்தொகை, ஜே.ஆர்.எஃப்., கிடைத்தால் பிஎச்.டி.யில் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் என்று 2023 முதல் உயர்த்தியிருக்கிறார்கள். யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. வீட்டிலிருந்து பணம் வாங்காமல் ஆராய்ச்சி செய்ய இதைவிட நல்ல வழி நம் மாணவர்களுக்கு இல்லை. இறுதியாண்டிலேயே ஒருமுறை எழுதிவிடுங்கள்.

பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு. அதற்கு முதுகலையோடு பி.எட். வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி.க்குத்தான் தயாராகிறேன். மையத்தால் எனக்கு என்ன பயன்?

ஒன்று, தேதிகள். இரண்டு, சான்றிதழ்கள், இது முக்கியம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010 சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தத்தின்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும், ஒவ்வொரு நிலைக்கும் சான்று வேண்டும். தேர்வில் ஜெயித்த பிறகு, மூடிப்போன தொடக்கப்பள்ளியின் பதிவேட்டைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. இங்கே படிக்கும்போதே, ஒரு விடுமுறையில் எல்லாப் பள்ளிகளிலும் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எத்தனை வருடம் தேர்வு எழுதுவது என்று இப்போதே வீட்டில் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். அதுவரை பக்கத்தில் ஒரு வேலையோ, திறமையோ இருக்கட்டும்.

எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்திருக்கிறேன். அது போதாதா?

பதிவு வேறு, வேலை தேடுவது வேறு. பதிந்து வைப்பது நல்லதுதான். முதுகலைத் தகுதியைச் சென்னையில் அல்லது மதுரையில் உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

பிஎச்.டி. ஆய்வாளர்கள் மையத்துக்கு வரலாமா? கைடு என்ன நினைப்பார்?

வரலாம், வர வேண்டும். வேலை பற்றி விசாரிப்பது ஆராய்ச்சியைக் கைவிடுவது ஆகாது. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு வருடம். பெண் ஆய்வாளர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் தளர்வு இருக்கிறது. ஆனால் உதவித்தொகை ஐந்தாம் வருடத்தோடு நிற்கிறது. சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்து, தீசிஸ் மதிப்பீட்டுக்கு வெளியே போய், வைவா (வாய்மொழித் தேர்வு) முடியும்வரை பணமில்லாமல் ஒரு காலம் வரும். அந்தக் காலத்தை எப்படிக் கடப்பது என்று மூன்றாம் வருடத்திலேயே கைடிடம் பேசுங்கள். தயக்கமாக இருந்தால் மையத்துக்கு வாருங்கள், பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று சேர்ந்து யோசிப்போம். நாங்களாக உங்கள் கைடிடம் எதையும் சொல்ல மாட்டோம்.

பெரும்பாலான கைடுகள் தடுப்பதில்லை, சொல்லப்போனால் தங்களுக்குத் தெரிந்த கம்பெனி விஞ்ஞானிகளின் எண்ணைத் தருவதே அவர்கள்தான். சிலர் கோபப்படுவார்கள். அங்கே மாணவரைத் தனியாக நிற்க விடாமல் துறைத்தலைவர் வழியாகப் பேசுவது எங்கள் பொறுப்பு.

கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறோம். உங்கள் ஆய்வை, உங்கள் துறை தெரியாத ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது, அவ்வளவுதான். தலைப்பை வாசித்துக் காட்டுவது விளக்கமாகாது. முதல் தடவை எல்லோருக்கும் பத்து நிமிடம் ஓடும், பரவாயில்லை, நான்காவது தடவை வந்துவிடும்.

துறையின் பிளேஸ்மென்ட் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

இது ஆசிரியர்கள் கேட்பது. பாடம், ஆய்வு, தேர்வுப் பணி எல்லாவற்றுக்கும் மேலே இதையும் சுமத்தியிருப்பார்கள், தெரியும். ஒரு நல்ல எக்செல் பட்டியல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாணவர் பெயர், இளங்கலையில் என்ன படிப்பு, மதிப்பெண், அரியர் இருக்கிறதா, பி.எட். இருக்கிறதா, எந்த ஊர்களுக்குப் போகத் தயார், எந்தத் தேர்வுக்குப் படிக்கிறார், சொந்த போன் எண். கடைசியில் உள்ளதைச் சரிபாருங்கள். பட்டியலில் இருப்பது அப்பாவின் எண்ணாக இருந்து, இன்டர்வியூ அழைப்பு வயலில் இருந்தவரிடம் போய் அப்படியே நின்றுபோனது உண்டு.

கம்பெனிகள் இரண்டு நாள் அவகாசத்தில் பட்டியல் கேட்பார்கள். அன்றைக்கு உட்கார்ந்து விவரம் சேகரித்தால் நடக்காது. செமஸ்டர் தொடக்கத்திலேயே தயாராக வைத்திருங்கள், மாதம் ஒருமுறை திருத்துங்கள்.

டிரைவ் நாளைக் குறிக்கும் முன் இன்டர்னல் தேர்வு, லேப், பஸ் பாஸ் நேரம் மூன்றையும் பாருங்கள். ஆன்லைன் தேர்வு என்றால் கம்ப்யூட்டர் லேபில் முந்தின நாளே எல்லாக் கம்ப்யூட்டரையும் ஓடவிட்டுப் பாருங்கள், யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்பதையும் சேர்த்து. மாலை ஆறு மணிக்கு மேல் இழுக்கும் என்று தெரிந்தால் ஹாஸ்டல் வார்டனுக்கும், வெளியூரிலிருந்து வந்து போகும் மாணவிகளின் வீட்டுக்கும் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தோடு நல்ல உறவு வேண்டும். ரிசல்ட் தாமதமானால் வேலையில் சேரும் தேதி தவறிவிடும். படிப்பு நிறைவுச் சான்றும், அதுவரையிலான மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தால் பல கம்பெனிகள் சேர்த்துக்கொண்டு, புரொவிஷனலுக்கு (தற்காலிகப் பட்டச் சான்று) அவகாசம் கொடுப்பார்கள். அந்தச் சான்று உடனே கிடைக்க ஏற்பாடு செய்வது மாணவரின் வேலையல்ல, நம் வேலை.

வேலை கிடைத்த பிறகு ஆஃபர் லெட்டர் நகலை ஏன் கேட்கிறீர்கள்?

கல்வி நிறுவனங்களின் தரத்தைப் பார்க்கும் நாக் மதிப்பீட்டிலும், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கு கேட்கிறார்கள். தரவரிசையில் சராசரிச் சம்பளத்தைவிட நடுநிலைச் சம்பளத்தைத்தான் (எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பார்க்கிறார்கள் என்பதால் எல்லோருடைய கணக்கும் வேண்டும், பெரிய சம்பளம் வாங்கும் ஒருவருடையது மட்டும் போதாது. எனக்கோ அடுத்த பேட்ச்தான் பெரிது. அதே ஆலையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் உங்கள் ஜூனியர் உங்களிடம் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்வார். உங்கள் சம்பள விவரத்தை யார் பெயரோடும் வெளியிட மாட்டோம்.

அரியர் இருக்கிறது. டிரைவில் உட்காரலாமா?

பெரும்பாலான கம்பெனிகள் நிலுவை அரியர் கூடாது என்பார்கள். சில இடங்களில் சேரும் தேதிக்குள் முடித்தால் போதும். மறைக்காதீர்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் கட்டாயம் தெரிந்துவிடும்.

இங்கிலீஷ் பேச வரவில்லை. அதனால்தான் வரத் தயங்குகிறேன்.

தயங்காமல் வாருங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்காகவே மாலை வகுப்பு வைத்திருக்கிறோம். உங்கள் பாடத்தில், உங்கள் புராஜெக்டில் வரக்கூடிய கேள்விகளுக்கு மட்டும் பேசிப் பழகுவோம். பொதுவான ஆங்கிலத்தைவிட அது சீக்கிரம் கைக்கு வரும். 2022 மார்ச்சில் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்திலும் பயிற்சிகள் இருக்கின்றன.

வெளியூர் வேலைக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள். என்ன செய்வது?

பெண்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், அதுவும் கடைசி நாளில், ஆஃபர் கையில் இருக்கும்போது. பெற்றோரின் பயம் பெரும்பாலும் தங்குமிடம் பற்றியதுதான். அதனால் பதிலையும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறோம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் கூடுவாஞ்சேரி, அடையாறு, திருச்சி, வேலூர் உட்படப் பல இடங்களில் இருக்கின்றன. கம்பெனி பஸ் எங்கிருந்து எங்கே வரும், ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்பதை எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கித் தருகிறோம். அதே கம்பெனியில் வேலை செய்யும் நம் பழைய மாணவியை உங்கள் அம்மாவோடு போனில் பேச வைக்கிறோம். நான் பேசுவதைவிட அவர் பேசுவதற்கு வீட்டில் மதிப்பு அதிகம். ஆஃபர் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சொன்னால் எங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். டெபாசிட், டிரெய்னிங் கட்டணம், யூனிஃபார்ம், "ரீஃபண்டு வரும்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். எங்கள் மையத்தின் எந்தச் சேவைக்கும் கட்டணம் கிடையாது. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.

அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகலில் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம், அதோடு சரி. தனியார் கல்லூரிகளில் ஆசிரியராகச் சேருகிறவர்களிடம் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சேருவதற்கு முன்பே "அசல் கேட்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாலும் வாருங்கள், கடிதம் எழுத உதவுகிறோம்.

படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது வந்தால் ஏதாவது செய்வீர்களா?

செய்வோம். கேம்பஸ் டிரைவில் அந்தந்த வருட மாணவர்களைத்தான் கம்பெனிகள் கேட்பார்கள், அதில் எங்கள் கையில் ஒன்றுமில்லை. ஆனால் பழைய மாணவர்களுக்கென்று தனி மெயில் பட்டியல் இருக்கிறது. புராஜெக்ட் பணி, கௌரவ விரிவுரையாளர் அழைப்பு, அனுபவம் கேட்கும் வேலைகள் அதில் போகும். பட்டம் பெற்று ஐந்து வருடத்துக்குள் என்றால் மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் பதியலாம். ஒரு வருடம் நிறுவனத்தில் உதவித்தொகையோடு பயிற்சி, முடிவில் சான்றிதழ். தென்மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது, பதிவு ஆன்லைனில்தான்.

வரும்போது இந்த இரண்டு வருடமும் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். டியூஷன் எடுத்தது, அப்பாவின் கடையில் கணக்கு எழுதியது, தேர்வுக்குப் படித்தது, குழந்தையைப் பார்த்துக்கொண்டது எதையும் விட வேண்டாம். வேலை நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் இருப்பேன், முன்பதிவு தேவையில்லை.